கொள்முதல் சட்டம்: முழுநீளச் சட்டமா, மூன்று பிரிவுச் சட்டமா?

அரசு ஒரு பொருளையோ சேவையையோ எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் மத்திய அளவில் இல்லை. அமைச்சகங்கள் நாற்காலி வாங்குவதும், மென்பொருள் வாங்குவதும், கட்டடம் கட்டக் கொடுப்பதும் பொது நிதி விதிகளின்படிதான் நடக்கின்றன. 1947-இல் முதலில் வந்து, 1963-இலும் 2005-இலும் 2017-இலும் திருத்தி எழுதப்பட்ட இந்த விதிகள், நிதி அமைச்சகம் தன் நிர்வாக அதிகாரத்தில் வெளியிடுபவை. நாடாளுமன்றத்தில் யாரும் எழுந்து நின்று விவாதித்து நிறைவேற்றியவை அல்ல. ஓர் அலுவலக ஆணை போதும், நாளையே மாற்றிவிடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 299-ஆவது பிரிவோ, அரசு ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அரசுக் கொள்முதல் நடக்கிறது என்ற மதிப்பீடு நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. அது கொஞ்சம் கூடலாம், குறையலாம். எப்படி இருந்தாலும், வரி கட்டுகிறவரின் பணம் இவ்வளவு பெரிய அளவில் கைமாறும் இடத்தில், பாதிக்கப்பட்டவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டப்பிரிவு இல்லை என்பது எனக்கு ஏற்க முடியாததாகவே இருக்கிறது.

சட்டம் வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. வினோத் தால் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. 2012 மே மாதம் பொதுக் கொள்முதல் மசோதா மக்களவையில் அறிமுகமானது. 2014-இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2015 பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, கொள்முதலுக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வடிவில் என்று நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

முதல் விடை: சட்டமே வேண்டாம், விதிகளைச் செம்மைப்படுத்தினால் போதும்.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கடந்த பத்தாண்டுகளில் நடந்த உருப்படியான மாற்றங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். 2016 ஆகஸ்ட் 9 அன்று ஜெம் எனப்படும் அரசு இணையச் சந்தை தொடங்கியது. அதுவரை மத்திய அரசுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்துவந்த வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்ககம் 2017 அக்டோபரோடு மூடப்பட்டது. கொரோனா காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் கையில் பணமில்லாமல் திணறியபோது, வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு உத்தரவாதமாக அவர்கள் கட்டும் செயல்நிறைவுப் பிணைத்தொகையை 2020 நவம்பரில் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. பிணைத்தொகை விகிதம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், திருத்த மசோதா வந்து சேர்வதற்குள் பாதி நிறுவனங்கள் மூழ்கியிருக்கும். விதிகளின் பலம் இந்த வேகம்.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒரு நல்ல அறிவுறுத்தல் வெளியிட்டது: வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரர் கொடுக்கும் பில்லில், தகுதியான தொகையில் 75 சதவீதமாவது 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், சரிபார்த்து மீதியை 28 வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடுக்காவிட்டால்? அந்த அறிவுறுத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது? பில்லை நிறுத்திவைத்த அதே அலுவலகத்தின் கதவைத்தான். இதன் பக்கத்தில் 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். சிறு தொழில் நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. புகார் செய்ய மாநிலந்தோறும் மன்றம் இருக்கிறது. அந்த மன்றங்களிலும் தாமதம் உண்டுதான். ஆனாலும் அங்கே போகிறவர் உரிமையோடு போகிறார். அறிவுறுத்தலை நம்பிப் போகிறவர் வேண்டுகோளோடு போகிறார்.

விதிகளுக்குள்ளும் ஏலதாரர் கேள்வி கேட்கலாம் என்று எழுதியிருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் டெண்டரை முடிவு செய்தவரேதான். இந்த முதல் வழியை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த ஓட்டை அடையாது. தன்னைத் தானே தீர்ப்பிடும் அதிகாரத்தை ஓர் அலுவலக ஆணையால் இன்னொரு சுதந்திர அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. அதற்குச் சட்டம்தான் வேண்டும்.

இரண்டாவது விடை 2012 மசோதாவின் பாணி: எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் எழுதிவிடுவது. அந்த மசோதா மத்திய அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், தன்னாட்சி அமைப்புகள் எல்லாவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 50 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கொள்முதல், பேரிடர் கால அவசரக் கொள்முதல், தேசப் பாதுகாப்புக் கொள்முதல் ஆகியவற்றுக்கு விலக்கு. திறந்த போட்டி டெண்டரே முதல் முறை. வேறு முறையில் வாங்கினால் காரணத்தை எழுத வேண்டும். நடத்தை நெறி, தவறு செய்த நிறுவனங்களை விலக்கிவைக்கும் தடைப்பட்டியல், லஞ்சத்துக்குச் சிறைத்தண்டனை, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குறைதீர் குழு என எல்லாம் இருந்தன. அந்தக் குறைதீர் குழு ஒன்றுக்காகவே அது சட்டமாகியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

முழுநீளச் சட்டத்தில் எனக்கு உள்ள தயக்கம், அது கொள்முதல் முறையையும் சேர்த்து உறையவைத்துவிடும் என்பதுதான். எந்த வகைக் கொள்முதலுக்கு எந்த முறை என்பது தொழில்நுட்பத்தோடும் சந்தையோடும் மாறும் விஷயம். இதில் பெரிய சண்டை எல்1 பற்றியது: தகுதி பெற்றவர்களில் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறை. மோசமான சாலைக்கும் இடியும் சுவருக்கும் எல்1-தான் காரணம், சட்டம் போட்டு அதை ஒழிக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் உருவாகி 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிறுவனம். அங்கே விலைதான் தீர்மானிக்கிறது, ஆனாலும் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. காரணம், விலைக்கு அப்புறம் நடப்பவை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதை மட்டுமே வாங்குகிறார்கள். மாவட்டக் கிடங்குக்கு மாத்திரை வந்து இறங்கியதும், ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகுதான் மாத்திரை மருத்துவமனைக்குப் போகிறது. மாத்திரை அட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்று அச்சாகியிருப்பதால் வெளிக்கடைக்குப் போவதும் கடினம். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புத்தகம். தன் ஒதுக்கீட்டில் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மீதி என்று அதில் தெரியும். பாராசிட்டமால் மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று ஆய்வகம் அளந்து சொல்லிவிடும். தரத்தை அளக்க முடிகிற இடத்தில் குறைந்த விலையைத் தேடுவதே நியாயம். அங்கே அதிகம் கொடுப்பதுதான் வீண்.

ஒரு நகரத்துக்கு வெள்ள வடிகால் திட்டம் வகுத்துத் தரும் ஆலோசகரை அப்படி அளக்க முடியாது. அதனால்தான் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. 2021 அறிவுறுத்தல் இதைக் கட்டுமானப் பணிகளுக்கும் மற்ற சேவைகளுக்கும் விரித்தது. தரத்துக்கான பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு. நல்ல மாற்றம்தான். ஆனால் அது யார் கையில் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ஒருவர் 100 கோடி கேட்கிறார், இன்னொருவர் 120 கோடி. மொத்த மதிப்பெண்ணில் தரத்துக்கு 30 சதவீதம், விலைக்கு 70 சதவீதம். குறைந்த விலைக்காரருக்கு விலைக்காக முழு 100, மற்றவருக்கு 83.33. குழு, தரத்துக்கு முதலாமவருக்கு 60-ம் இரண்டாமவருக்கு 95-ம் போடுகிறது. அந்த விகிதப்படி கூட்டினால் முதலாமவர் 88, இரண்டாமவர் 86.83. வேலை குறைந்த விலைக்காரருக்கு. இப்போது குழு, இரண்டாமவருக்கு 95-க்குப் பதிலாக 99 போட்டிருந்தால்? அவருடைய மொத்தம் 88.03. வேலை கைமாறிவிட்டது. ‘அணுகுமுறையும் செயல்திட்டமும்’ என்ற தலைப்பின்கீழ் யாரோ சேர்த்துப் போட்ட நான்கு மதிப்பெண், 20 கோடி ரூபாய் வித்தியாசத்தை விழுங்கிவிட்டது. அந்த நான்கு மதிப்பெண் நேர்மையான தீர்ப்பாகவும் இருக்கலாம். விலை பேசி முடித்ததாகவும் இருக்கலாம். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதிகாரிகள் எல்1-ஐ விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்துப் பாலம் விரிசல் விட்டால் பழி ஒப்பந்தக்காரர் மேல் போகும். கூடுதல் விலைக்காரருக்குக் கொடுத்துவிட்டால், பாலம் நூறாண்டு நின்றாலும், தணிக்கைக்காரரும் கண்காணிப்புத் துறையும் பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து கேட்பார்கள். யார் ஏன் கையெழுத்துப் போடுவார்? எனவே அதிகாரிக்குத் தரம் பார்க்கும் சுதந்திரம் தர வேண்டுமானால், அவருடைய முடிவை உடனுக்குடன் ஒரு சுதந்திர அமைப்பு பார்த்துச் சரி என்றோ தவறு என்றோ சொல்லும் ஏற்பாடு முதலில் வேண்டும். அது நேர்மையான அதிகாரிக்குக் கவசம். முறைகளை எழுதி நிரப்பும் முழுநீளச் சட்டம் அந்த ஏற்பாட்டைப் பத்தோடு பதினொன்றாக வைத்திருந்தது. 50-க்கும் மேற்பட்ட பிரிவுகளில் எதற்கு எதிர்ப்பு வந்தாலும் மொத்தமும் நின்றுபோகும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது வழி, மாநிலங்கள் காட்டியது. இதில் தமிழ்நாடு முன்னோடி. 1998-இலேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றி, 2000-இல் விதிகளோடு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கர்நாடகம் 1999-இல் பின்தொடர்ந்தது. ராஜஸ்தான் 2012-இலும், அசாம் 2017-இலும், பஞ்சாப் 2019-இலும் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டுச் சட்டம் அரசுத் துறைகளை மட்டுமல்லாமல் உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், கூட்டுறவு அமைப்புகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. டெண்டர்களுக்கென வெளியாகும் அறிவிப்பிதழான டெண்டர் புல்லட்டினில் அறிவிப்பு வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும், குறைத்தால் மேலதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது விதி. ஒரு வியாழக்கிழமை அறிவித்துத் திங்கட்கிழமை பெட்டியைத் திறக்கும் பழக்கத்துக்கு அது போட்ட கடிவாளம் பெரியது. டெண்டர் படிவமே கொடுக்காமல் ஆட்களை விரட்டியடித்த காலம் போய், இணையத்தில் யாரும் எடுக்கலாம் என்ற நிலை வந்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதன் 11-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். டெண்டர் முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம்? அரசிடம். ஒரு துறை எடுத்த முடிவுக்கு எதிரான முறையீடு, சுற்றி வந்து அதே அரசின் செயலகத்துக்கே போகிறது. கால் நூற்றாண்டுக்கு முன் எழுதியபோது அதுவே பெரிய முன்னேற்றம். இன்று அந்தப் பிரிவு போதாது. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் வேறொரு கோணத்தில் போனது: 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட உட்கட்டமைப்புத் திட்டங்களின் டெண்டர் ஆவணங்களை, அறிவிப்பதற்கு முன்பே ஒரு நீதிபதி பார்த்துத் திருத்தச் சொல்லலாம் என்று சட்டம் இயற்றியது. ஒரே நிறுவனத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி நிபந்தனை எழுதும் தந்திரத்தை அது முளையிலேயே பிடித்திருக்கக்கூடும். டெண்டர் திறந்த பிறகு நடப்பதற்கு அதனிடம் மருந்து இருக்கவில்லை. 2024-இல் அந்தச் சட்டமே ரத்து செய்யப்பட்டது.

இனி, நான் சரியென்று நினைக்கும் நான்காவது வழி: மத்தியில் ஒரு சிறிய சட்டம். கொள்முதல் முறைகள், வரம்புகள், பிணைத்தொகை, மதிப்பெண் விகிதம் எல்லாம் விதிகளிலேயே இருக்கட்டும்; வேகமாக மாற வேண்டியவை அவை. குறு, சிறு தொழில்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்ற ஆணையும், உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017 ஆணையும் அரசியல் கொள்கை முடிவுகள். ஆட்சிக்கு ஆட்சி மாறட்டும், சட்டம் அவற்றுக்குள் தலையிட வேண்டாம். விதியால் செய்யவே முடியாத சிலவற்றை மட்டும் சட்டம் செய்யட்டும்.

அவற்றில் முதலாவது, முடிவுக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. யாருக்கு வேலை என்று முடிவானதும், தோற்றவர்கள் அனைவருக்கும் காரணத்தோடு தெரிவித்து, குறிப்பிட்ட நாள் காத்திருந்து, அப்புறம்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணு முறையில் தெரிவித்தால் குறைந்தது 10 நாள். 2025 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் 2023 கொள்முதல் சட்டம் 8 வேலை நாள் என்கிறது.

இந்த எட்டு, பத்து நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றத்தின் மிகப் புகழ்பெற்ற டெண்டர் தீர்ப்பே சாட்சி. 1979-இல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர். பதிவு பெற்ற இரண்டாம் தர ஹோட்டல் நடத்துபவராக ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாதவருக்கு வேலை போனது. தான் விதித்த நிபந்தனையைத் தானே மீற அரசுக்கு உரிமை கிடையாது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இன்றுவரை எல்லா டெண்டர் வழக்கிலும் மேற்கோள் காட்டப்படுவது அந்த வரிதான். ஆனால் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் மாதக்கணக்கில் தாமதித்து வந்தார், அதற்குள் டெண்டர் பெற்றவர் பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார் என்பவை முக்கியக் காரணங்கள். சட்டம் ஜெயித்தது, தவறு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு கதவு இன்னும் குறுகியிருக்கிறது. 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பு, நீதிமன்றம் முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும், முடிவை அல்ல என்றது. 2018-இல் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தைத் திருத்தி, உட்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையாணை தரக் கூடாது என்று வைத்தார்கள். 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், டெண்டர் விவகாரங்களில் பணியை நிறுத்தாமல், தேவையானால் இழப்பீடு பற்றி யோசியுங்கள் என்று உயர் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. இவை ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. பாதியில் நிற்கும் பாலத்தால் நட்டம் ஊருக்குத்தான். ஆனால் கட்டத் தொடங்கிய பிறகு தடுக்கக் கூடாது என்றால், தொடங்கும் முன் கேட்க ஓர் இடம் இருந்தாக வேண்டும். பின்கதவைப் பூட்டினோம், முன்கதவை வைக்கவே இல்லை.

அந்த முன்கதவுதான் இரண்டாவது பிரிவு: கொள்முதல் செய்யும் துறைகளுக்குக் கட்டுப்படாத ஒரு தீர்ப்பாயம், நாள் கணக்கில் முடிவு சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு. தாமதமாகுமே என்ற அச்சம்தான் எப்போதும் குறுக்கே நிற்கிறது. கென்யா பணக்கார நாடல்ல. அங்கே 2015 சட்டத்தின்படி, டெண்டர் முடிவை எதிர்ப்பவர் 14 நாளுக்குள் மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். வாரியம் 21 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவரை கொள்முதல் நிற்கும். கூட்டினால் ஐந்து வாரம். நம்மூரில் ஓர் உயர் நீதிமன்ற ரிட் மனு முதல் விசாரணைக்கு வந்து, எதிர்மனு தாக்கலாகி, ஒத்திவைப்புகள் முடிய ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இது திட்டத்துக்கே லாபம். வீண் புகாரைத் தடுக்க ஒரு வைப்புத்தொகை வைக்கலாம், தோற்றால் போய்விடும். டெண்டர் மதிப்போடு அது ஏறிக்கொண்டே போகாமல் ஓர் உச்சவரம்பு மட்டும் தேவை. இல்லாவிட்டால் சிறிய நிறுவனம் வாசலோடு திரும்பிவிடும்.

மூன்றாவது பிரிவு கையெழுத்துக்குப் பிறகான காலத்துக்கு. நம்முடைய சட்டங்கள், விதிகள், விவாதங்கள் எல்லாமே டெண்டர் பெட்டி திறக்கும் நாளோடு முடிந்துவிடுகின்றன. பணம் போவது அதற்குப் பிறகுதான். ஓர் உதாரணக் கணக்கு. ஒரு வேலையில் மண் தோண்டுவது 1,000 கன மீட்டர், பாறை உடைப்பது 50 கன மீட்டர் என்று மதிப்பீடு. ஒருவர் மண்ணுக்கு 300 ரூபாய், பாறைக்கு 600 ரூபாய் கேட்கிறார், மொத்தம் 3,30,000. இன்னொருவர் மண்ணுக்கு 250, பாறைக்கு 1,500; மொத்தம் 3,25,000. இரண்டாமவரே எல்1, வேலை அவருக்கு. தோண்டத் தொடங்கியதும், மண் 600-தான், பாறை 450 என்று, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவைப் புத்தகத்தில் ஏறுகிறது. இப்போது முதலாமவருடைய விலையில் 4,50,000 ஆகியிருக்கும். ஜெயித்தவருடைய விலையிலோ 8,25,000. டெண்டர் சுத்தம், புல்லட்டின் அறிவிப்பு சுத்தம், எல்1 சுத்தம். அடியில் பாறை இருப்பது முன்கூட்டியே தெரிந்த ஒருவர், அல்லது பாறை என்று பின்னால் எழுதித்தரப்படும் என்ற நம்பிக்கையோடு இருந்த ஒருவர், விலையை அங்கே ஏற்றி வைத்தார். கூடுதல் பணி, அளவு மாற்றம், கால நீட்டிப்பு என்ற பெயர்களில் இந்த மாற்றங்கள் கோப்புக்குள்ளேயே நடந்து முடிகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், வணிக ரகசியம் என்று 8-ஆவது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்ப வழியிருக்கிறது.

ஸ்லோவாக்கியா 2011-இல் இதற்கு ஒரு நேரடியான தீர்வு கண்டது. அரசு ஒப்பந்தம் மத்தியப் பதிவேட்டில், இணையத்தில், முழுமையாக வெளியான பிறகுதான் செல்லும். வெளியிடாத ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது. மூன்று மாதத்துக்குள் வெளியாகாவிட்டால் அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை என்று ஆகிவிடும். இதன் அழகு, யாரையும் மிரட்டித் தண்டிக்கத் தேவையில்லை என்பதில் இருக்கிறது. வெளியிட வேண்டும் என்ற அக்கறை ஒப்பந்தக்காரருக்கே வந்துவிடுகிறது. நம் சட்டத்தில் இதோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஒப்பந்தத்துக்குப் பொருந்துவது அதன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பொருந்தும். பாறை 50-இலிருந்து 450 ஆன அந்தத் தாள் இணையத்துக்கு வராதவரை, கூடுதல் 400 கன மீட்டருக்குப் பணம் கிடையாது. தோற்றுப்போன முதலாமவர் அதைப் படிப்பார். அவரை விடக் கவனமாக அதைப் படிக்கக் கூடியவர் எந்தத் தணிக்கை அலுவலகத்திலும் இல்லை.

சிறிய சட்டத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறி ஜெயிக்கும் கூட்டணியை இது தொடாது என்பது. உண்மை. எல்லாரும் ஒரே கூட்டணி என்றால் யாரும் தீர்ப்பாயத்துக்குப் போக மாட்டார்கள். விவரங்கள் மொத்தமும் வெளியே இருந்தால், யார் ஒவ்வொரு முறையும் இரண்டாவதாகவே வருகிறார், எந்த மாவட்டத்தில் யார் யாருக்கு வழிவிடுகிறார் என்று வெளியாட்களும் கண்டுபிடிக்க முடியும். அதற்கு மேல், கூட்டு ஏலத்தைத் தண்டிக்க 2002-இன் போட்டிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கே மறுபடி எழுதத் தேவையில்லை. தண்டனைப் பிரிவுகளைக் கூட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைவு. லஞ்சத்துக்குச் சிறை என்பது 1988-இன் ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே உண்டு.

பாதுகாப்புத் தளவாடங்களை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றால் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். அவற்றுக்குத் தனி நடைமுறை இருக்கிறது, தொடரட்டும். பேரிடர் காலத்துக்கும் முன்னனுமதி தேவையில்லை. ஆனால் வெளியீட்டுப் பிரிவிலிருந்து பேரிடருக்கு விலக்கு கொடுக்கக் கூடாது. அவசரத்தில் வாங்கியதைப் பின்னால் காட்டுவதற்கு எந்த அவசரமும் தடையாக இருக்க முடியாது.

மத்தியச் சட்டம் மத்தியக் கொள்முதலைத்தான் கட்டுப்படுத்தும். 2012 மசோதாவும் அப்படித்தான் எழுதப்பட்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் என மக்கள் அன்றாடம் கண்ணால் பார்ப்பதில் பெரும்பகுதி மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வாங்குவது. எனவே டெல்லிக்காகக் காத்திருக்க அவசியம் இல்லை. தமிழ்நாட்டில் புதிய சட்டம்கூட வேண்டாம். 1998 சட்டத்தின் 11-ஆவது பிரிவில் ‘அரசு’ என்று இருக்கும் இடத்தில் ஒரு சுதந்திரத் தீர்ப்பாயத்தை வைத்து, முறையீடு முடியும்வரை கையெழுத்து நிற்கும் என்று ஓர் உட்பிரிவும், வெளியிடாத ஒப்பந்தமும் திருத்தமும் செல்லாது என்று இன்னோர் உட்பிரிவும் சேர்த்தால் போதும். ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடரில் முடிகிற வேலை இது.